செவ்வாய்க்கிழமைச் சோதனை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் முகுந்தனின் முடிவெட்டும் கடைக்குப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் நிச்சயம். தலையில் முடி குறையும், காதில் சேதி கூடும். கத்தரிக்கோல் நின்றாலும் நிற்கும், அவர் வாய் நிற்காது. யாராவது ஒரு பேச்சைத் தொடங்கினால் அதை முடித்துக் கொடுப்பதும் வெட்டுக்கூலியில் சேர்ந்தது என்று நினைக்கிற மனுஷர். "நேத்து டாக்டர்கிட்ட போனேன், அவரு…" என்று ஒருவர் இழுத்தால், "சுகர் ஏறிப்போச்சுன்னாரு, அதானே?" என்று முடித்துவிடுவார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். இருபத்தெட்டு வருஷமாகப் பார்த்த தலைகள், உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரியாமலா போகும்?

கடை திறந்த புதிதில் "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். மகள் பேச ஆரம்பித்த பிறகு அந்தப் பழமொழி குறைந்தது. அவளுக்கு நாலு வயதானபோது அடியோடு நின்றுபோனது.

மகள் பெயர் விஷ்ணுப்ரியா. ரோகிணி நட்சத்திரம், மூன்றாம் பாதம், 'வி'யில் பெயர் வையுங்கள் என்று கோயில் குருக்கள் சொன்னதை மீறாமல் வைத்த பெயர். அந்த 'வி'தான் பிள்ளைக்கு முதல் எதிரி. பெயர் கேட்டால் உதடு கடிபட்டு நிற்கும், கழுத்து நரம்பு புடைக்கும், எழுத்து வராது. எந்த வார்த்தையும் எப்போது வேண்டுமானாலும் இப்படி அடைத்துக்கொள்ளும். வீட்டில் யாரும் அதற்குப் பெயர் வைத்ததில்லை. திக்குவாய் என்ற சொல்லை முகுந்தன் ஒரு நாளும் உச்சரித்ததில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு ஆறு மாசம் கூட்டிப்போனார்கள். கடையை விட்டுவிட்டுப் போக முடியவில்லை, பெரியவளானால் தானாகச் சரியாகிவிடும் என்று இவரே நிறுத்தினார். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம், கிளினிக், சாப்பாட்டுக்கடை என்று எங்கே போனாலும் அவளுக்கு முன்னால் இவர் வாய் போய் நிற்கும். "பிள்ளைக்குத் தொண்டை சரியில்ல" என்று ஒரு சிரிப்போடு சொல்லிவிடுவார். மேசையில் உட்காரும் முன்பே, "ரெண்டு தோசை, ஒரு தே தாரிக், ஒரு மைலோ" என்று ஆர்டர் கொடுத்துவிடுவார். பிள்ளை தலையாட்டும்.

இப்போது பிள்ளைக்குப் பத்தொன்பது வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்தின ஆறாம் படிவம் முடித்து நல்ல புள்ளிகள் வாங்கிவிட்டாள். கண் பரிசோதிக்கிற படிப்புப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. பத்து வயதில் கண்ணாடி போடக் கடைக்குப் போனபோது, அங்கிருந்த பெண் ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றி வைத்து, "இதுவா, அதுவா, மெதுவா சொல்லு" என்று அவசரப்படாமல் உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து பிடித்த ஆசை. பல்கலைக்கழகம் ஒன்று இடம் தரலாம் என்று எழுதியிருந்தது. ஒரே ஒரு குறை. ஆங்கிலச் சோதனையில் பேச்சுத் தாளுக்கு அவளிடம் புள்ளி இல்லை. பள்ளியில் எல்லோரும் போன அன்று இவள் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டாள். இந்த நாட்டு மூவெட் ஆனாலும் சரி, வெளிநாட்டு ஐயெல்ட்ஸ் ஆனாலும் சரி, ஏதாவது ஒன்றை எழுதிக் கொண்டுவா என்று கடிதம் சொன்னது. இரண்டுக்கும் பதிவு மாசக் கடைசி வரைதான்.

இரண்டிலும் எழுத்தும் வாசிப்பும் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வித்தியாசம் பேச்சில்தான். ஐயெல்ட்ஸில் ஒரே ஓர் அதிகாரியின் எதிரில் உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு நிமிஷம் பேச வேண்டும். மூவெட்டில் முதலில் தனியாக இரண்டு நிமிஷம், பிறகு முன்பின் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்து நால்வராக விவாதம்.

இதைக் கடையில் சொன்னதுதான் தாமதம், உட்கார்ந்த தலையெல்லாம் தீர்ப்பு சொன்னது. பேங்க் பெண்மணி ஐயெல்ட்ஸ் என்றாள். லோரி ஓட்டுகிறவர் இரண்டும் வேண்டாம், தாதிப் படிப்புக்கு அனுப்பு என்றார். குரு என்று ஒரு வாடிக்கைக்காரர், மதுரைப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர், முப்பது வயதிருக்கும். ஆஸ்திரேலியா போகிற ஆசையில் ஐயெல்ட்ஸை இரண்டு தடவை எழுதிவிட்டுக் கடைசியில் கோலாலம்பூரில் இறங்கியவர். ஐயெல்ட்ஸ்தான் என்று அவர் சொன்னதை முகுந்தன் வேதமாக எடுத்துக்கொண்டார். நாலு பேர் முன்னால் பிள்ளை அவமானப்படுவதற்கு ஒருத்தர் முன்னால் என்பது மேல், அது கதவு சாத்திய அறை, வெளியே தெரியாது. முகுந்தனுக்கு அந்தக் கதவுதான் பிடித்திருந்தது.

அன்று மாலையே குருவின் உதவியோடு முகுந்தனின் கைப்பேசியில் ஐயெல்ட்ஸ் பாரத்தை நிரப்பினார்கள். குரு ஒவ்வொன்றாக வாசித்தார், முகுந்தன் பதில் சொன்னார். ஓரிடத்தில் குரு நிறுத்தினார்.

"அண்ணே, பேச்சு, பார்வை, காது, எதுலயாவது சிரமம் உண்டான்னு கேக்குது. உண்டுன்னு போட்டா டாக்டர் லெட்டர் வெக்கணும். கூடுதல் நேரம் குடுப்பாங்க."

"இல்லைன்னு போடுங்க தம்பி."

"யோசிச்சுச் சொல்லுங்கண்ணே."

"நாளைக்குக் கல்யாணம் காச்சின்னு வரும். கெவர்மெண்ட் காகிதத்துல ஏறினா எறங்காது லா. இல்லைன்னே போடுங்க."

அனுப்புகிற பொத்தானை மட்டும் அழுத்தாமல் மகளுக்காக வைத்தார். அவள் கையாலேயே அழுத்தட்டும், ராசியான கை என்று நினைப்பு. வீடு இருக்கிற கிள்ளானுக்குத் திரும்புகிற கொமுட்டர் ரயிலில், ஷா ஆலாம் தாண்டும்போது நிரப்பின பாரத்தை அவளுக்குப் படமாக அனுப்பிவிட்டுப் பெருமையோடு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

விஷ்ணுப்ரியா பார்த்தாள். பொத்தானை அழுத்தவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை, அதற்கடுத்த நாளும் பேசவில்லை. பேசாத பிள்ளை பேசாமல் இருந்தால் யாருக்குத் தெரியும்? முகுந்தனுக்குத் தெரியவில்லை. வழக்கம்போல அவள் பங்கையும் சேர்த்து இவரே பேசிக்கொண்டிருந்தார்.

தெரிந்தது புனிதாவுக்கு. அவர் மனைவி கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு ஹோட்டலின் டோபிப் பிரிவில் வேலை பார்த்தாள். நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை இயந்திரத்தில் கொடுத்து வாங்கி, ஆவியில் வெந்து வீடு வருகிறவள். அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் பேசுவது கேட்காது, முகத்தைப் பார்த்துத்தான் எல்லாம். அதனால் முகம் படிக்கிற வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது. மூன்றாம் நாள் சோறும் ரசமும் நெத்திலிச் சம்பலும் வைத்துவிட்டு, மகள் தட்டைக் கழுவப் போன நேரம் பார்த்து ஆரம்பித்தாள்.

"என்னத்தப் போட்டீங்க அந்தப் பாரத்துல?"

முகுந்தன் சொன்னார். சொல்லச் சொல்லத் தான் செய்தது ரொம்பப் புத்திசாலித்தனம் என்று அவருக்கே மறுபடி தோன்றியது. புனிதா சம்பல் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இல்லைன்னு போட்டா இல்லாமப் போயிருமா? அங்க போயி அவ நின்னான்னா, இவளுக்கு இங்கிலீசு வரலன்னுதான எழுதுவாங்க? அவளுக்குத் தெரியாததுக்குப் புள்ளி கொறஞ்சா பரவால்ல. தெரிஞ்சதுக்குக் கொறையணுமா?"

"ஒருத்தர்தானே புனிதா, சமாளிச்சிடுவா. நான் வெளிய உக்காந்திருப்பேன்ல."

"நீங்க வெளிய உக்காந்தா அவ வாயும் உங்களோட வெளிய உக்காந்திருக்கும். இத்தன வருசம் துணைக்குப் போறேன் போறேன்னு அவ வாயையில்ல எடுத்துக்கிட்டுப் போயிருக்கீங்க?"

முகுந்தனுக்குச் சுருக்கென்றது. நேரமாகிவிட்டது என்று எழுந்து படுக்கப் போனார். படுத்தும் தூக்கம் வரவில்லை.

அதற்கடுத்து வந்தது செவ்வாய்க்கிழமை. செவ்வாயும் வெள்ளியும் தமிழர்கள் தலையில் கத்தி வைக்க விடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னால் முஸ்லிம் வாடிக்கை வந்து கடையைத் தூக்கிவிடும். செவ்வாய்க்கு அதுவும் கிடையாது. மூன்று நாற்காலியும் காலியாக, கண்ணாடிகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருக்கும். அன்றைக்கு மகளைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தார், குருவையும் கூப்பிட்டிருந்தார். சோதனையில் நடக்கிற மாதிரியே ஒரு தடவை பழகிப் பார்த்துவிட்டால் பயம் தெளிந்து பொத்தானை அழுத்திவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மோனோரயில் தூண்களின் அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூட்டமாக ஒதுங்கினார்கள். கடையில் ஒரே ஒரு வாடிக்கை, செவ்வாய்தோறும் வருகிற வயசான சீனர் ஒருவர், முகுந்தனின் போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். இரண்டாவது நாற்காலிக்குச் சொந்தக்காரன் சாதிக், ராமநாதபுரத்துப் பையன், வேலை பெர்மிட்டில் வந்து நாலு வருஷமாகிறது, துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தான். சுவரோரப் பலகையில் சின்னையா உட்கார்ந்திருந்தார். நாலு கடை தள்ளி மசாஜ் நிலையத்தில் வேலை, பார்வை கிடையாது, முகுந்தனின் வயதுதான். மழைக்கு ஒதுங்கியவர், வெள்ளைக் கம்பை முழங்காலுக்கு இடையில் நிறுத்தி வைத்திருந்தார்.

குருவும் விஷ்ணுப்ரியாவும் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். குரு குரலைக் கனமாக்கிக்கொண்டு ஆங்கிலத்தில் பெயரைக் கேட்டார்.

அவள் உதடு கடிபட்டது. குரு காத்திருந்தார். நல்ல மனுஷர், முகத்தில் கனிவு குறையாமல், புருவத்தை உயர்த்தி, தலையைச் சற்றே சாய்த்துக் காத்திருந்தார். அந்தக் கனிவு ஏற ஏற அவள் கழுத்து இறுகியது. முகுந்தன் சீனரின் காதோர முடியைச் சீவிக்கொண்டே கண்ணாடி வழியாகப் பார்த்தார். பிள்ளை குருவைப் பார்க்கவில்லை. அவளும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எதைப் பார்க்கிறாள் என்று இவரும் அந்த இடத்தைப் பார்த்தார்.

அங்கே அவருடைய வாய் இருந்தது. சத்தமில்லாமல் வி, வி, வி என்று அசைந்துகொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் ஓடி, விஷ்ணுப்ரியா என்று முடித்தும் விட்டது.

இருபத்தெட்டு வருஷமாக அந்தக் கண்ணாடியில் ஊரார் முகத்தையெல்லாம் பார்த்தவர், தன் வாயை அன்றுதான் பார்த்தார். கை நின்றுபோனது. சீனர் கண்ணைத் திறந்தார்.

"அப்பா," என்றாள் விஷ்ணுப்ரியா. "உங்க… வ… வாய்."

அவ்வளவுதான் சொன்னாள். முகுந்தன் போய், ஆணியில் தொங்கிய முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். மூக்குக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பவும் சீப்பை எடுத்தார்.

சின்னையாதான் முதலில் பேசினார். ஒருத்தர் சோதனை முடிஞ்சுதுன்னா அந்த நாலு பேர் சோதனையையும் வெச்சுப் பாத்துருவோம் லா, நம்ம நாலு பேர் இருக்கோம்ல என்றார். தனக்கு இங்கிலீஷ் மசாஜ் வாடிக்கைகிட்டப் பேசிப் பேசி நல்லாவே வரும் என்றும் சேர்த்துக்கொண்டார். சாதிக் தனக்கு வராது என்று பின்வாங்கப் பார்த்தான், விடவில்லை. குரு கைப்பேசியில் தேடி ஒரு தலைப்பைப் பிடித்தார். நகரத்து நெரிசலைக் குறைக்க என்ன வழி?

கேட்டதுதான் தாமதம், சின்னையா பிடித்துக்கொண்டார். நெரிசல் ரோட்டில் இல்லை, நடைபாதையில் என்றார். கண் தெரியாதவன் காலால் தடவி நடக்க மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள், அதன் மேல் மோட்டாரை நிறுத்துகிறவனையெல்லாம் உள்ளே தள்ள வேண்டும் என்றார். குரு அது தலைப்புக்கு வெளியே போகிறது என்று மறித்தார். சாதிக் "மை ஒப்பீனியன்" என்று எழுந்தவன், ஒப்பீனியன் என்னவென்று தெரியாமல் உட்கார்ந்தான். குரு பேருந்து என்றார், சின்னையா மோட்டார் என்றார். ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறி, கடை பாசார் சந்தை மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் விஷ்ணுப்ரியா ஆரம்பித்திருந்தாள். எப்போது ஆரம்பித்தாள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு சொல்லில் நின்றாள், யாரும் பார்க்கவில்லை. அதை விட்டுவிட்டு வேறு சொல்லை எடுத்தாள், மறுபடி நின்றாள், மறுபடி தொடங்கினாள். கடைசியில் குரு மூச்சு வாங்க நிறுத்தியபோது அவள் வாக்கியத்தின் வால் மட்டும் தெளிவாகக் கேட்டது. சின்னையா அங்கிள் சொல்வது சரி, குரு அண்ணனுடைய மோட்டார் இப்போது அந்த மஞ்சள் ஓட்டின் மேல்தான் நிற்கிறது என்று அவள் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாள்.

எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். மழையில் நனைந்துகொண்டு அது அங்கேதான் நின்றது.

சின்னையா கம்பைத் தரையில் தட்டித் தட்டிச் சிரித்தார். குரு தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் ஓடி வண்டியை நகர்த்தினார். சீனருக்கும் யாரோ மலாயில் விளக்கிச் சொல்ல, போர்வைக்குள்ளிருந்து அவரும் குலுங்கினார். விஷ்ணுப்ரியாவும் சிரித்தாள். முகக்கவசத்துக்குள் முகுந்தனின் வாய் என்ன செய்தது என்று யாருக்கும் தெரியாது. கண் மட்டும் கலங்கியிருந்தது.

மழை விட்டு குரு கிளம்பிய பிறகு அவள் அப்பாவிடம் வந்து நின்றாள்.

"எனக்கு மூவெட்தாம்பா."

அவர் ஏன் என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். அவள் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒருத்தர் மட்டும்னா, அவரு எனக்காகவே கா… காத்துக்கிட்டு இருப்பாரு. அதப் பாத்தாத்தான் எனக்கு அடைக்குது. நாலு பேருன்னா யாரும் எனக்காக நிக்கல. நான் வர்றப்ப வ… வந்துக்குவேன்."

"மொதல்ல ரெண்டு நிமிஷம் தனியாப் பேசணுமே பாப்பா?"

"அதுக்குத்தான் லெட்டர் கேக்குறேன். எனக்கு இருக்குன்னு போடணும்பா. இல்லைன்னு போட்டா… அது நான் இ… இல்ல."

முகுந்தன் பலகையில் உட்கார்ந்தார். கல்யாணம், காகிதம், ஊர் வாய் என்று எல்லாம் ஒரு சுற்று வந்து போனது. கிளம்பப் போன சின்னையா வாசலில் நின்றார். காது கூர்மையான ஆள், எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"முகுந்தா, இந்தக் கம்பு எனக்கு வழி காட்டுதுன்னு நெனைக்கிறியா? வழி எனக்கே தெரியும், முப்பது வருசமா நடக்குறேன். இது மத்தவனுக்கு. இதப் பாத்தாத்தான் காடிக்காரன் பிரேக் போடுறான். மொத மொத எடுத்துக்கிட்டு வெளிய வரவே எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. ரெண்டு தடவ அடிபட்டேன், வெக்கம் போயிருச்சு."

சொல்லிவிட்டு, நாளைக்கு வருவதாகவும் கிருதாவைப் போன தடவை மாதிரிக் கோணலாக எடுத்துவிட வேண்டாம் என்றும் எச்சரித்துவிட்டுப் போனார். அவருக்கு எப்படிக் கோணல் தெரிந்தது என்று சாதிக் கேட்டபோது முகுந்தன் கைப்பேசியை எடுத்து அந்தப் பழைய பாரத்தை அழித்துக்கொண்டிருந்தார்.

புனிதா ஒரு நாள் லீவு போட்டு மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். பேச்சுப் பயிற்சிக்குப் போன சின்ன வயது ஆஸ்பத்திரி அட்டையைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தாள், அது இப்போது உதவியது. கடிதம் கிடைத்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய மூவெட் அலுவலகம் செராஸ் பக்கம். முகுந்தன் கடையை சாதிக்கிடம் விட்டுவிட்டுத் தானே கூட வந்தார். ரயிலில் வரும்போதே சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கவுண்டரில் ஒரு மலாய்ப் பெண்மணி. கடிதத்தைப் பிரித்துக்கொண்டே பெயரைக் கேட்டாள். முகுந்தன் பையிலிருந்து முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

விஷ்ணுப்ரியாவின் உதடு கடிபட்டது. பெண்மணி நிமிர்ந்தாள், எல்லோரும் செய்வதுபோல அப்பாவைப் பார்த்தாள். முகுந்தன் மகளைக் கைகாட்டினார். சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் நகர்ந்தது. பையில் இருந்த அவர் விரல்கள் பழக்க தோஷத்தில் இல்லாத கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே இருந்தன. ஏழு, எட்டு, ஒன்பது என்று முள் போனது. அந்த எழுத்தைச் சொன்ன குருக்களை மனசுக்குள் திட்டினார், உடனே மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். தன் ஆயுளில் அவ்வளவு நேரம் அவர் ஒரு பேச்சுக்கு வெளியே நின்றதில்லை.

"வி… விஷ்ணுப்ரியா."

பெண்மணி தலையாட்டி எழுதிக்கொண்டாள். அப்பா பெயரைக் கேட்டாள், அதையும் அவளே சொன்னாள். முத்திரை விழுந்தது. கூடுதல் நேரம் உண்டு, சோதனை இன்னும் ஆறு வாரத்தில் என்றாள்.

வெளியே வந்தபோது மணி பத்தரை. பசித்தது. எதிரில் இருந்த சாப்பாட்டுக்கடையில் போய் உட்கார்ந்தார்கள். கடைக்காரப் பையன் மேசையைத் துடைத்துவிட்டு நின்றான். ரெண்டு தோசை என்று முகுந்தனின் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. முகக்கவசம் இன்னும் முகத்தில்தான் இருந்தது. "எனக்கு ஒரு தோசை, ஒரு தே தாரிக்," என்று அதற்குள்ளிருந்தே சொல்லி நிறுத்திக்கொண்டார்.

பையன் அவளைப் பார்த்தான். பக்கத்து மேசையில் யாரோ கூப்பிட்டார்கள், ஆனாலும் நின்றான்.

"பூ… பூ… பூரி," என்றாள். "கோப்பி."

பையன் போனான். முகுந்தன் முகக்கவசத்தைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"என்ன பாப்பா, உனக்குத் தோசைன்னா உசுராச்சே?"

விஷ்ணுப்ரியா தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்தாள். அவர் காத்திருந்தார்.

"இல்லப்பா," என்றாள். "அது உங்களுக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. எத்தனை கடை, எத்தனை தோசை என்று நினைத்துப் பார்த்தார், கணக்கு எட்டவில்லை. பூரி வந்ததும் தட்டை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். வேறு என்னவெல்லாம் பிடிக்கும் என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை தன் தோசையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.